மேற்கு ஜன்னலுக்கு எந்தக் கண்ணாடி?

வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் நாலு இடத்தில் விலை விசாரிப்பார்கள். டைல்ஸ் பார்க்கக் குடும்பமே கிளம்பிப் போகும். ஜன்னல் கண்ணாடி என்று வந்தால் மட்டும் "பச்சையா, பிரவுனா? அஞ்சு எம்எம்மா, ஆறு எம்எம்மா?" என்ற இரண்டு கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். சென்னை, வேலூர், மதுரை வெயிலுக்கு இந்த இரண்டும் போதாது. கேட்க வேண்டியது வேறொன்று: கண்ணாடிமேல் விழும் வெயிலின் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வரும்?

அதற்கு ஓர் எண் உண்டு. கண்ணாடித் தொழிலில் எஸ்எச்ஜிசி என்பார்கள். 0.80 என்றால் நூற்றில் எண்பது பங்கு வெப்பம் வீட்டுக்குள் வரும்; 0.30 என்றால் முப்பது. பெரிய கம்பெனிகள் தங்கள் தகவல் தாளில் இதை அச்சிட்டுத்தான் தருகின்றன. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். கேட்காத இடத்தில் கீழ்க்கண்ட நம்பிக்கைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

"கறுப்புக் கண்ணாடி போட்டால் சூடு வராது"

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி, மொத்த ஆற்றலில் பாதிக்கும் குறைவு. ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அறை இருட்டாக இருப்பதால் குளுமையாகவும் இருக்கும் என்று கண் சொல்வதை நம்பக் கூடாது.

6 மி.மீ. சாதாரணக் கண்ணாடியின் எஸ்எச்ஜிசி சுமார் 0.82. அதே தடிமனில் சாம்பல் நிறமோ பிரவுனோ போட்டால் 0.60-ஐ ஒட்டி வரும். அதாவது வெப்பம் கால்வாசி குறைகிறது. வெளிச்சமோ ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பட்டப்பகலில் டியூப் லைட் எரியும் வீடுகளின் கதை இதுதான். தடுக்கப்பட்ட வெப்பமும் எங்கும் போய்விடுவதில்லை. நிறக் கண்ணாடி அதை உறிஞ்சிக்கொண்டு தானே சூடாகிறது, பிறகு அதில் ஒரு பங்கை உள்பக்கமாகவே விடுகிறது. மதியம் மூன்று மணிக்கு அதைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். பாதி நிழலும் பாதி வெயிலுமாக விழும் இடத்தில், பதப்படுத்தாத நிறக் கண்ணாடி அந்தச் சூட்டு வேறுபாட்டிலேயே விரிசல் விடுவதும் உண்டு.

நிறம் வேண்டும் என்றே ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல்: பச்சை எடுங்கள். அதில் உள்ள இரும்புச் சத்து அகச்சிவப்பை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். வெப்பத்தில் பிரவுனுக்குச் சமம். வெளிச்சமோ முக்கால் பங்கு வரும்.

"டபுள் கண்ணாடி போட்டால் வெயிலே தெரியாது"

இங்கேதான் பணம் அதிகமாகப் போகிறது, ஆகவே கணக்காகவே பார்த்துவிடலாம். மேற்கு பார்த்த ஜன்னல், நான்கடிக்கு நான்கடி, சுமார் 1.5 சதுர மீட்டர். பிற்பகலில் அதன்மேல் சதுர மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே 38 டிகிரி, ஏசி அறையில் 26.

ஒற்றைக் கண்ணாடி என்றால், வெயிலாக நேரே வருவது 740 வாட். வெளியே சூடு, உள்ளே குளுமை என்ற வேறுபாட்டால் கண்ணாடி வழியே கடத்தப்படுவது 100 வாட். மொத்தம் 840. ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறனே 3,500 வாட் அளவுதான். அதில் கால்வாசியை இந்த ஒரு ஜன்னல் தின்றுவிடுகிறது.

நடுவில் காற்று இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடி போட்டால், கடத்தல் 100-லிருந்து 50 ஆகும். ஆனால் இரண்டும் நிறமற்ற சாதாரணக் கண்ணாடி என்றால் எஸ்எச்ஜிசி இன்னும் 0.70. வெயில் 630 வாட் வந்துகொண்டே இருக்கும். மொத்தம் 680. இதற்குப் பதில், எஸ்எச்ஜிசி 0.35 உள்ள, வெயில் தடுப்புப் பூச்சு பூசிய ஒற்றைக் கண்ணாடி போட்டிருந்தால் மொத்தமே 415 வாட்தான்.

இரட்டைக் கண்ணாடி குளிர்நாட்டுத் தேவைக்குப் பிறந்தது. வெளியே பனி, உள்ளே ஹீட்டர் என்றால் வேறுபாடு 25, 30 டிகிரிகூட இருக்கும். அங்கே கடத்தலைத் தடுப்பதுதான் முதல் வேலை. நமக்கு எதிரி வெயில். நாள் முழுக்க ஏசி ஓடும் வீடு, பேருந்து ஹாரன் ஓயாத சாலை என்றால் இரட்டைக் கண்ணாடியை யோசிக்கலாம், அதிலும் ஒரு கண்ணாடியில் வெயில் தடுப்புப் பூச்சு இருக்க வேண்டும். ஓரத்து சீல் விட்டுப்போனால் நடுவில் ஈரம் பூத்துவிடும். துடைக்க வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். எனவே வாரண்டியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"லோ-ஈ என்று சொன்னார், அது போதும்"

போதாது. லோ-ஈ என்பது கண்ணாடியின் வெப்ப உமிழ்வைக் குறைக்கும் பூச்சு. ஆனால் வெயிலை உள்ளே விட்டு, அறைச் சூட்டை வெளியே போகாமல் காப்பதற்கென்றே செய்யப்பட்ட லோ-ஈ கண்ணாடிகள் உண்டு. பனி விழும் ஊருக்கு அது வரம், நமக்கு அது தொல்லை. பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். பூச்சிலும் வன்பூச்சு, மென்பூச்சு என இரண்டு வகை. மென்பூச்சில் பலவும் ஈரக்காற்றைத் தாங்காது. இரட்டைக் கண்ணாடிக்குள் அடைத்துத்தான் வைக்க வேண்டும். வெயில் தடுப்புக்கு அது வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில் இருக்க வேண்டும். மாற்றிப் பொருத்தினால் எண் ஏறிவிடும்.

"தடிமன் கூடினால் சூடு குறையும்", "டஃபன்டு கண்ணாடி வெயில் தாங்கும்"

3 மி.மீ.க்குப் பதில் 12 மி.மீ. போட்டாலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு சொச்சம்தான் குறையும். தடிமன் காற்றின் வேகத்துக்கும் பலகையின் அளவுக்கும் தேவை. டஃபன்டு என்பது பலத்துக்கும் பாதுகாப்புக்கும். பதப்படுத்துவதால் உள்ளே வரும் வெப்பம் மாறாது.

"ரிஃப்ளெக்டிவ் போட்டால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது"

பகலில் சரி. ராத்திரி உள்ளே விளக்குப் போட்டால் தெருவுக்கு உங்கள் வீடு நன்றாகவே தெரியும், உங்களுக்குத் தெருதான் தெரியாது. எந்தப் பக்கம் வெளிச்சம் குறைவோ அந்தப் பக்கத்துக்காரருக்கே காட்சி.

"திரைச்சீலை இருக்கிறதே"

திரை தடுக்கிற நேரத்தில் வெயில் கண்ணாடியைத் தாண்டியாகிவிட்டது. வெளிர்நிறத் திரை கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். மிச்சம் திரையைச் சூடாக்கி அறைக்குள்ளேயே தங்கும். அதே துணியை, மூங்கில் தட்டியை, வெட்டிவேர்த் தட்டியைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டால் பலன் பல மடங்கு. மேற்கு வெயில் தாழ்ந்து வருவதால், ஜன்னல் தலைக்குமேல் நீட்டும் இரண்டடி சன்ஷேடு அங்கே அதிகம் உதவாது. பக்கவாட்டில் மறைப்போ, இறக்கி ஏற்றும் தட்டியோ வேண்டும். என்னைக் கேட்டால் விலையுயர்ந்த கண்ணாடிக்கு முன்னால் இதற்குத்தான் செலவு செய்ய வேண்டும்.

"வடக்கு ஜன்னலில் வெயில் படாது"

டெல்லியில் பெரும்பாலும் சரி. அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடு வரை, அக்னி நட்சத்திரம் உட்பட, இங்கே உச்சி வெயிலே வடக்கே சாய்ந்து நிற்கும். காலையும் மாலையும் வடக்குச் சுவரில் சாய்வெயில் அடிக்கும். வணிகக் கட்டடங்களுக்கான 2017-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்பு விதிகளில்கூட, வெப்பப் பகுதிகளில் வடக்கு ஜன்னலுக்குத் தந்த சலுகை 15 டிகிரிக்கு வடக்கே உள்ள ஊர்களுக்குத்தான். வாஸ்துவை நம்பி வடக்கில் பெரிய ஜன்னல் வைப்பவர்கள் சன்ஷேடையும் அங்கே மறக்க வேண்டாம்.

"நல்ல கண்ணாடி போட்டாச்சு, வேலை முடிந்தது"

ஏசி இல்லாத நேரத்தில் ஜன்னல் திறக்கத்தான் இருக்கிறது. வீடுகளுக்கான 2018-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பான ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா, சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் திறப்பு வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நான்கடி ஜன்னலை இரண்டு பலகை ஸ்லைடிங்காகப் போட்டால் திறப்பது 8 சதுர அடி. கதவுபோல் திறக்கும் வகை என்றால் 14. கொசுவலை மாட்டச் சுலபம் என்று ஸ்லைடிங்கையே கடையில் நீட்டுவார்கள். வலையை உள்பக்கம் தனிச் சட்டமாக வைத்துத் தரச் சொல்லுங்கள், செய்து தருவார்கள்.