சூழலுக்கேற்ற சாப்பாடு: கடைப்பையை விடக் கறிச்சட்டியே முக்கியம்



"டொக்டர், நாங்கள் இப்ப பிளாஸ்ரிக் பை வாங்குறதே இல்லை." சூழலைக் கெடுக்காத உணவுப் பழக்கம் பற்றிப் பேச்செடுத்தால் எம்மவரிடமிருந்து பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அடுத்ததாக, தூரத்திலிருந்து வரும் பொருட்களை வாங்கக்கூடாது என்பார்கள். இப்படி நினைப்பது நாம் மட்டுமல்ல. சுவிற்சர்லாந்து மக்களிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்றிலும், அளவுக்கு மீறிய பொதியுறைகளைத் தவிர்ப்பதே சூழலுக்குப் பெரிய நன்மை என்று கருதப்பட்டது. இறைச்சியைக் குறைப்பதால் பெரிதாகப் பயனில்லை என்றே பலர் எண்ணினார்கள்.

உண்மை ஏறக்குறைய எதிர்மாறானது. 119 நாடுகளின் பண்ணைகளை ஆராய்ந்து 2018 இல் வெளியான பெரிய ஆய்வின்படி, உணவினால் வெளியாகும் பச்சைவீட்டு வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 வீதம் மட்டுமே. என்ன சாப்பிடுகிறோம் என்பதுதான் பெரிய கணக்கு. 100 கிராம் புரதத்தை மாட்டிறைச்சியிலிருந்து பெற்றால் சராசரியாக 50 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு வெளியாகிறது. ஆட்டிறைச்சிக்கு 20 கிலோ, கோழிக்கு 6 கிலோ. பருப்பு, கடலை, பயறு வகைகளுக்கு 1 கிலோ கூட இல்லை. மாடும் ஆடும் தீனியைச் செரிக்கும்போது வெளிவிடும் மெதேன் வாயு இதற்கு ஒரு முக்கிய காரணம்.

மாட்டிறைச்சி தொடாத வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி உண்டு. நாள்தோறும் 90 கிராமுக்கு மேல் சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும் உண்பவர்கள் அதை 70 கிராமாகக் குறைக்க வேண்டும் என்பது பிரித்தானிய சுகாதாரத் துறையின் ஆலோசனை. குடற்புற்றுநோயைக் கருதியே இப்படிச் சொல்கிறார்கள். எமது தட்டில் விழுவதை ஒருநாள் நிறுத்துப் பார்த்தால் தெரியும்! ஆட்டுக்கறியை மாதம் ஒருமுறையாக்கி, மற்ற ஞாயிறுகளில் கோழியோ கடலைக்கறியோ சமைக்கலாம்.

தூரத்துக் கணக்கில் ஒரு விதிவிலக்கு உண்டு. அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் கப்பலில் வருபவை. வல்லாரை, பொன்னாங்காணி போன்ற கீரைகள் சில நாட்களில் வாடிவிடும் என்பதால் விமானத்தில் வருகின்றன. ஒரே பாரத்தை ஒரே தூரம் கொண்டுவர விமானம் கப்பலைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு வாயுவை வெளிவிடுகிறது. இங்கு விளையும் கேல் கீரையைச் சிறிதாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் நன்றாகவே இருக்கும். வல்லாரைச் சம்பலுக்கு மட்டும் மாற்று இல்லை, ஆசைக்கு எப்போதாவது வாங்குவோம்!

இனி வைத்தியராக ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்குப் பல வருடங்களாக மெற்போமின் எடுத்துவந்த ஓர் அம்மா, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளின் சொல்லைக் கேட்டு இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டார். சில காலத்தின் பின் கால் விறைக்கிறது என்று வந்தார். சீனி வருத்தத்தால்தான் என்று அவரும் நினைத்தார், நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். இரத்தப் பரிசோதனையில் விற்றமின் பி12 மிகக் குறைவாக இருந்தது. மெற்போமின் இந்த விற்றமின் உடலில் சேர்வதைக் குறைக்கும். மரக்கறி உணவில் அது இயற்கையாகக் கிடைப்பதும் இல்லை. கவனியாது விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். அவருக்கு ஊசி போட்டோம். விறைப்பு மெல்லக் குறைந்தது, முற்றாகப் போகவில்லை.

மகளின் எண்ணத்தில் பிழை இல்லை. ஆனால் விலங்குணவை முற்றாக விடுபவர்கள் பி12 சேர்க்கப்பட்ட உணவையோ மாத்திரையையோ தவறாமல் எடுக்க வேண்டும். மெற்போமின் பாவிப்பவர்கள் முதலில் தமது ஜீபியிடம் பி12 பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர, சாப்பாட்டுடன் தேசிக்காய்ப்புளி சேருங்கள். தேநீரை ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் பருப்பையும் கீரையையும் கூட்ட வேண்டாம்.