மருந்தும் பதிவேடும்

மூலனூர், திருப்பூர் மாவட்டம் தாராபுரம் வட்டத்தில் உள்ள பேரூராட்சி; ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுவே. பருத்தியும் முருங்கையும் விளையும் வானம் பார்த்த பூமி. இங்குள்ள சிற்றூர்களுக்கு அரசின் மருத்துவம் எவ்வழியாக வந்து சேர்கிறது?

சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அளவுகோல். இவை பொது சுகாதாரத் துறையின் பொறுப்பு. தாராபுரத்தில் உள்ளது போன்ற வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகம் நடத்துகிறது. 2022இல் தொடங்கப்பெற்ற திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மற்றோர் இயக்குநரகத்தைச் சார்ந்தது. நோயாளி காண்பது ஒரே அரசைத்தான். உள்ளே பொறுப்புகள் பிரிந்து கிடக்கின்றன. குடிநீரும் துப்புரவும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமை. எனவே, வயிற்றுப்போக்கு பரவும்போது மருத்துவர் மட்டும் விரைந்தால் போதாது. குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலப்பவரும் விரைய வேண்டும்.

மருந்து வரும் வழி தனிக்கதை. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்தின் தேவையைத் திரட்டி, ஒப்பந்தப்புள்ளி கோரி, மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது. வணிகப் பெயரால் அன்றி மருந்தின் பொதுப்பெயரால் வாங்குவதால் விலை குறைகிறது. மாவட்டக் கிடங்குகளுக்கு வந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டெண் மட்டும் இட்டு ஆய்வகத்திற்கு அனுப்புவர். யாருடைய மருந்தைச் சோதிக்கிறோம் என்பதை ஆய்வாளரும் அறியார். எளிய ஏற்பாடுதான், ஆயினும் இதன் நேர்மை வியக்கத்தக்கது. ஒவ்வொரு மருத்துவ நிலையத்திற்கும் வங்கியில் உள்ளதுபோல் ஒரு கணக்கேடு உண்டு. ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தனக்கு வேண்டியதை அந்நிலையமே கேட்டுப் பெறுகிறது. சேற்றுப்புண் மிகுந்த ஊருக்கும் பாம்புக்கடி மிகுந்த ஊருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது அல்லவா? கேரளமும் இராசத்தானும் பின்னாளில் இத்தகைய கழகங்களை அமைத்துக்கொண்டன.

மருந்தை எண்ணிவிடலாம்; இடம்பெயரும் மக்களை எண்ணுவது அரிது. பின்னலாடை வேலைக்காகத் திருப்பூர் சென்று தங்கிய இளம்பெண் ஒருத்தி கருவுறுகிறாள் என்று கொள்வோம். முதல் ஆறு மாதங்கள் அவள் இருப்பது நகரில். தலைப்பேற்றுக்கு வருவதோ தாய்வீட்டுக்கு. அவளைப் பதிவு செய்ய வேண்டியவர் எந்த ஊர்ச் செவிலியர்? இச்சிக்கலைத் தீர்க்கவே, கருவுற்ற ஒவ்வொருவருக்கும் இணையப் பதிவில் ஓர் எண் தரப்படுகிறது. குழந்தையின் பிறப்பைப் பதியவும் அவ்வெண் கேட்கப்படுகிறது. நகரில் எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவை, அவ்வெண்ணைக் கொண்டு மூலனூர்ப் பகுதிச் செவிலியர் காணலாம்.

ஆனால் அவ்வெண் தானே பிறப்பதில்லை. விடுதியிலோ வாடகை வீட்டிலோ தங்கியிருப்பவளை ஒருவர் தேடிச் சென்று பெயர் கேட்டாக வேண்டும். பகலெல்லாம் அவள் தையல் எந்திரத்தின் முன் இருப்பாள். செவிலியர் கதவைத் தட்டும் நேரத்தில் வீடு பூட்டியிருக்கும். அன்று எழுதப்படாத பெயர், இரத்தசோகை முற்றிய எட்டாம் மாதத்தில்தான் தாய்வீட்டு ஊரின் பதிவேட்டில் முதன்முதலாக இடம்பெறும்.