இணைப்பகம் தந்த நிரல்மொழி

தொலைபேசி இணைப்பகத்திற்கு ஓய்வில்லை. ஒரே நொடியில் ஒருவர் எண்ணைச் சுழற்றுகிறார்; மற்றொருவர் பேசிக்கொண்டிருக்கிறார்; வேறொருவர் பேசி முடிக்கிறார். இவையனைத்தையும் இணைப்பகக் கணினி உடனுக்குடன் கவனித்தாக வேண்டும். ஓர் அழைப்பில் நேரும் பிழை அடுத்தவர் பேச்சைத் துண்டித்துவிடலாகாது. பழுதுபார்ப்பதற்கென்று இணைப்பகத்தை நிறுத்தி வைக்கவும் இயலாது. நள்ளிரவில் மருத்துவரை அழைப்பவருக்கு அந்த ஒரு மணி நேரமே உயிர் காக்கும் நேரமாக இருக்கக்கூடும்.

சுவீடனின் எரிக்சன் நிறுவனக் கணினி அறிவியல் ஆய்வகத்தினர் 1980களில் இச்சிக்கலை ஆராய்ந்தனர். வழக்கிலிருந்த மொழிகள் பலவற்றிலும் தொலைபேசி நிரல்களை எழுதிப் பார்த்தனர். எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை. 1986இல் ஜோ ஆம்ஸ்ட்ராங், புரோலாக் மொழியை அடித்தளமாகக் கொண்டு புதுமொழி ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் துணைநின்றனர். தொலைபேசிப் போக்குவரத்தைக் கணிதத்தால் அளந்த டென்மார்க் அறிஞர் எர்லாங்கின் பெயரை அம்மொழி பெற்றது.

ஒரே கரும்பலகையில் பலர் ஒருசேர எழுதினால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க நேரும். கணினி நினைவகத்தைப் பல செயல்கள் பகிரும்போது விளைவதும் இத்தகைய குழப்பமே. எர்லாங்கில் பொதுப்பலகை இல்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் தனிச்செயல். அதற்கெனத் தனி நினைவகம். ஒரு செயல் மற்றொன்றுடன் செய்தி அனுப்பியே தொடர்புகொள்ளும். செய்தியைப் படியெடுத்து அனுப்புவதால் வேகம் சற்றே குறையும். பெருங்கணக்கீடுகளுக்கு இம்மொழி ஏற்றதன்று. அது அதன் நோக்கமுமன்று.

பிழையைக் கையாளும் முறையே இதன் தனிச்சிறப்பு. எல்லாப் பிழைகளையும் முன்கூட்டியே தடுத்துவிட முடியும் என்று இதனை வடிவமைத்தோர் நம்பவில்லை. பழுதுற்ற செயல் தடுமாறிக்கொண்டிராமல் மடிந்துவிடட்டும் என்று விட்டனர். அதனைக் கண்காணிக்கும் மற்றொரு செயல் செய்தியறிந்து புதியதொன்றைத் தொடங்கும். கணினியே பழுதாகலாம் என்பதால் கண்காணிப்பு வேறொரு கணினியிலிருந்தும் நிகழலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பகுதியை நிறுத்தாமலே மாற்றவும் வழி வகுத்தனர். ஓடும் தேரின் அச்சாணியை மாற்றுவது போன்ற அரிய செயல் இது!

ஆயினும் 1998இல் எரிக்சனின் வானொலித் தொடர்புப் பிரிவு, புதிய பொருள்களில் எர்லாங்கைப் பயன்படுத்தத் தடை விதித்தது. உலகம் பரவலாக அறிந்த மொழிகளே போதும் எனக் கருதியது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அம்மொழி திறந்த மூலமாக வெளியிடப்பட்டு எல்லோர்க்கும் உரியதாயிற்று. பின்னாளில் கோடிக்கணக்கானோரின் செய்திகளைச் சுமக்கும் வாட்ஸ்அப் தன் வழங்கிகளுக்குத் தேர்ந்தெடுத்ததும் எர்லாங்கையே.