தலைவிளக்கு ஒளிராவிடின் பழுதை எங்கே தேடுவது?

மாணவர்களே, மோட்டார் வாகனத்தின் தலைவிளக்கு ஒளிராவிடின் உடனே மின்குமிழைக் கழற்ற வேண்டாம். ஒளிராதது ஒன்றா, இரண்டுமா என முதலில் அவதானியுங்கள்.

இரு விளக்குகளும் சமாந்தரமாகத் தொடுக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒன்று மட்டும் ஒளிராவிடின் பழுது அதன் கிளையிலேயே உள்ளது. இழை அறுந்திருக்கலாம், தொடுப்புத் துருப்பிடித்திருக்கலாம், சில வாகனங்களில் அவ்விளக்குக்குரிய தனி உருகி எரிந்திருக்கலாம். இரண்டும் ஒளிராவிடின்? இரு இழைகளும் ஒரே வேளையில் அறுவது அரிது. எனவே பொதுப் பாதையிலுள்ள உருகி, ரிலே, ஆளி ஆகியவற்றைச் சோதியுங்கள்.

12 வோற்று, 55 வாற்று மின்குமிழொன்றினூடாகப் பாயும் மின்னோட்டம் 55 ÷ 12, அதாவது ஏறத்தாழ 4.6 அம்பியர். இரண்டுக்கும் 9.2 அம்பியர். இவற்றுக்குப் பொதுவான உருகி 15 அம்பியராயின், அது எரிந்ததும் அதே அளவு உருகியையே இட வேண்டும். அவசரத்துக்குத் தடித்த செப்புக் கம்பியைச் செருகுவோர் உண்டு. இது மிக ஆபத்தானது. குறுஞ்சுற்று ஏற்படின் அக்கம்பி உருகாது. பிறப்பிக்கப்படும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாதலால் வயரின் காவலி உருகி வாகனமே தீப்பற்றலாம்.

விளக்கு மங்கலாக ஒளிர்ந்தால் வாகன உடலுடனான தொடுப்பைப் பாருங்கள். மின்னோட்டம் மின்கலவடுக்குக்குத் திரும்பும் பாதை அவ்வுடலே. ஒளிரும் குமிழின் தடை 2.6 ஓம் என்றும் அது மாறாதென்றும் கொள்வோம். துருவினால் 1 ஓம் தொடராகச் சேர்ந்தால் மின்னோட்டம் 3.3 அம்பியராகக் குறையும். குமிழின் வலு ஏறத்தாழ 29 வாற்று மட்டுமே. மின்கலவடுக்கு 12 வோற்றுத் தருவதால் வலு 55 வாற்று என எழுதிப் புள்ளிகளை இழப்பவர் பலர்.