பாழ்வீடும் ஊர் வரியும்
பிளின்ட் நகரத்தின் அனுபவத்திலிருந்து ஒரு பாடம்

ஐக்கிய நாணயச் சங்கத்தின் அங்கத்தினர்களுக்குத் தவணை தவறிய கடன் என்பது இன்னதென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் செலுத்தாத பாக்கி அவரோடு நிற்பதில்லை. சங்கத்தின் மூலதனத்தைக் குறைத்து, ஒழுங்காய்ச் செலுத்துகிறவரின் அடுத்த கடனையும் தடுக்கிறது. ஊரின் வீட்டு வரியும் இத்தன்மையதே. வரி நின்றுபோன வீடு பெரும்பாலும் பராமரிப்பும் நின்றுபோன வீடாகவே இருக்கும். அவ்விரண்டு கேடுகளும் சேர்ந்து ஒரு நகரத்தை எங்ஙனம் தாழ்த்தும் என்பதையும், அதைத் தடுக்க எவ்வித ஏற்பாடு பயன்படும் என்பதையும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் மிச்சிகன் மாகாணத்திலுள்ள பிளின்ட் என்னும் நகரத்தின் சரித்திரம் தெளிவாய்க் காட்டுகிறது.

1. ஒரு தெருவின் கணக்கு

முதலில் ஒரு கற்பனைக் கணக்கைக் கவனிப்பது நலம். ஒரு தெருவில் பத்து வீடுகள் உள்ளன. அத்தெருவின் விளக்கு, குடிநீர், பாதை, துப்புரவு ஆகியவற்றுக்கு ஆண்டொன்றுக்கு 1000 ரூபாய் செலவாகிறது. வீட்டுக்கு 100 ரூபாய் வரி. இரண்டு வீட்டுக்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு அயலூர் சென்று வரியை நிறுத்திவிடுகின்றனர். ஆயினும் விளக்கின் செலவு குறைவதில்லை. பாதையின் நீளமும் குறைவதில்லை. எஞ்சிய எட்டு வீட்டார் தலைக்கு 125 ரூபாய் கொடுத்தாக வேண்டும். பாழ்வீட்டில் முட்புதரும் பாம்பும் குடியேற, பக்கத்து வீட்டை வாங்க எவரும் முன்வருவதில்லை. வரி ஏறியும் வீட்டின் விலை இறங்கியும் போகவே, மற்றொருவரும் ஊரைவிட்டுப் போகிறார். அப்பொழுது ஏழு வீட்டார் தலைக்குச் சற்றேறக்குறைய 143 ரூபாய் கொடுக்க நேரும். வரியை உயர்த்தாவிட்டால் விளக்கு அணையும். உயர்த்தினால் குடித்தனக்காரர் குறைவர். இச்சுழலில் அகப்பட்ட ஊர் தானாக மீள்வது அரிது.

2. பிளின்ட் நகரம் தாழ்ந்த விதம்

ஜெனரல் மோட்டார்ஸ் என்னும் பெரிய மோட்டார் வண்டிக் கம்பெனி 1908-ஆம் ஆண்டில் பிளின்ட் நகரத்தில் ஸ்தாபிக்கப்பட்டது. தொழிற்சாலைகள் பெருகப் பெருக நகரமும் வளர்ந்தது. 1960-ஆம் ஆண்டின் ஜனத்தொகை ஏறக்குறைய 1,97,000. பின்னர்த் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் மூடப்பட்டன. வேலையிழந்தோர் வேற்றூர் சென்றனர். 2020-ஆம் ஆண்டின் ஜனக்கணக்கில் எஞ்சியிருந்தவர் சுமார் 81,000 பேரே.

ஜனங்கள் போய்விட்டனர், ஆனால் வீடுகள் போகவில்லை. இரண்டு லட்சம் பேருக்கென அமைந்த தெருக்களையும் குழாய்களையும் அதிற் பாதிக்கும் குறைவானவர்களின் வரியைக் கொண்டு காக்க வேண்டியதாயிற்று. நகரத்தின் வருமானம் குன்றவே, 2011-ஆம் ஆண்டில் மாகாண சர்க்கார் நகர நிர்வாகத்தைத் தாம் நியமித்த அதிகாரியிடம் ஒப்படைத்தனர். செலவைக் குறைக்கும் பொருட்டு 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் குடிநீர், பிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டது. அந்நீர் தகுந்தபடி பக்குவம் செய்யப்படாமையால் பழைய குழாய்களின் ஈயம் கரைந்து குடிநீரிற் கலந்தது. 2015-ஆம் ஆண்டு அக்டோபரில் பழைய நீர் ஏற்பாட்டுக்கே திரும்பினர். இக்கேட்டுக்கு அதிகாரிகளின் கவனக்குறைவு முதலிய பல காரணங்கள் உண்டு. எனினும், வரி வருமானம் வற்றிய ஊரில் சிக்கனம் எந்த இடத்தில் கைவைக்கும் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

3. பழைய சட்டத்தின் குறை

மிச்சிகன் மாகாணத்தில் 1893-ஆம் ஆண்டின் சட்டப்படி வரி செலுத்தாத சொத்தின் மீதுள்ள பாக்கியைத் தனி வியாபாரிகளுக்கு விற்று வந்தனர். வாங்கியவர் பாக்கியைக் கட்டிவிட்டுச் சொந்தக்காரரிடமிருந்து வட்டியுடன் வசூலிக்க முயல்வார். நல்ல வீடாயின் வட்டி கிடைக்கும். இடிந்த வீடாயின் அதை அவரும் கைவிடுவார். இங்ஙனம் சொந்தக்காரருமின்றி, வாங்கியவருமின்றி, சர்க்காருமின்றி ஒரு வீடு ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் நிலைகெட்டுக் கிடக்கும். கடைசியில் சர்க்காரிடம் வந்தாலும் பத்திரத்தில் பல வில்லங்கங்கள் இருக்குமாதலால் எவரும் துணிந்து வாங்கமாட்டார். அதற்குள் கூரை விழுந்து, களவு போகத்தக்கனவெல்லாம் களவு போயிருக்கும்.

இக்குறையை நீக்க 1999-ஆம் ஆண்டில் 123-ஆம் எண் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, பாக்கியான வரி அடுத்த மார்ச்சு 1-ஆம் தேதி கவுண்டியின், அதாவது நம் ஜில்லாவைப் போன்ற பிரிவின், பொக்கிஷதாரிடம் செல்லும். மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் வட்டி ஏறும். ஓராண்டு கழிந்தும் செலுத்தாவிடில் வட்டி நூற்றுக்கு ஒன்றரை ஆகும். மேலும் ஓராண்டு கழிந்து, நோட்டீசும் கோர்ட்டு விசாரணையும் முடிந்தபின், சொத்து கவுண்டிக்கு வில்லங்கமின்றிச் சேரும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு பாழ்வீட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் ஏற்பட்டார் என்பதே இச்சட்டத்தின் முதற்பயன்.

4. நில பாங்கு

பொறுப்பு வந்தபின் செய்வது யாது? ஏலம் போடுவது எளிது. ஆனால் ஏலத்தில் மலிவாய் எடுப்பவர் பலர் தூரதேசத்து வியாபாரிகள். வீட்டைப் பார்த்தறியாமலே வாங்கி, மீண்டும் வரி கட்டாது விட்டு, அதே வீட்டை மறுபடி ஏலத்துக்கு வரச் செய்வர். இதைக் கண்ட பிளின்ட் நகரம் அடங்கிய கெனஸீ கவுண்டியின் அக்காலத்துப் பொக்கிஷதார் டான் கில்டீ என்பவர், அச்சொத்துக்களை ஒரு பொது ஸ்தாபனத்தின் வசம் வைத்து நிர்வகிக்கும் திட்டத்தை 2002-ஆம் ஆண்டில் தொடங்கினார். 2003-ஆம் ஆண்டின் 258-ஆம் எண் சட்டம் இத்தகைய ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் அளித்தது. அதன்கீழ்க் கெனஸீ கவுண்டி நில பாங்கு அமைந்தது.

இதன் வேலைகள் நான்கு வகையாகும்.

முதலாவது, குடியிருக்கத்தக்க வீடுகளைச் செப்பனிட்டு விற்றல் அல்லது வாடகைக்கு விடுதல். 1920-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டு 1973-இல் மூடப்பட்ட டியூரன்ட் ஹோட்டல் என்னும் பெருங்கட்டிடம் நெடுங்காலம் பாழாய் நின்று, நில பாங்கின் முயற்சியால் 2010-ஆம் ஆண்டில் குடியிருப்பாய்த் திறக்கப்பட்டது.

இரண்டாவது, செப்பனிட இயலாதவற்றை இடித்து நிலத்தைச் சுத்தம் செய்தல். இதற்கே பெருஞ்செலவு.

மூன்றாவது, இடித்தபின் எஞ்சும் மனையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொற்ப விலைக்குக் கொடுத்தல். வாங்குகிறவர் வரிப் பாக்கி இல்லாதவராய் இருத்தல் வேண்டும். அம்மனை அவருக்குக் காய்கறித் தோட்டமாகவோ பிள்ளைகள் விளையாடும் இடமாகவோ பயன்படுகிறது. நகரத்துக்கோ வரி கட்டும் சொந்தக்காரர் ஒருவர் கிடைக்கிறார்.

நான்காவது, உடனே விற்க முடியாத மனைகளின் பராமரிப்பை அந்தந்தப் பேட்டைச் சங்கங்களிடமும் கோயிற் சபைகளிடமும் ஒப்படைத்தல். அவர்கள் புல்லறுத்துக் குப்பையகற்றிச் செடி வைப்பர். நில பாங்கு அதற்கு ஒரு தொகை அளிக்கும். 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வேலையில் அயலாரின் உழைப்பே மூலதனம் என்பதைக் கூட்டுறவாளர் கவனித்தல் தகும்.

5. பணம் வரும் வழி

இத்தனைக்கும் பணம் ஏது? வரி பாக்கியானவுடன் கவுண்டி அத்தொகையை நகரசபைக்கும் பள்ளிகளுக்கும் முன்னதாகக் கொடுத்துவிடுகிறது. பின்னர்ப் பாக்கிக்காரரிடமிருந்து வசூலாகும் வட்டியும் கட்டணமும் கவுண்டிக்குச் சேர்கின்றன. முன்பு தனி வியாபாரிக்குப் போன ஆதாயம் இப்பொழுது ஊர்க்காரியத்துக்கு உதவுகிறது. அன்றியும், நில பாங்கு விற்ற சொத்தின் மீது வரும் வரியிற் பாதி, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு அதற்கே திரும்பும். நல்ல வீட்டை விற்று வந்த பணம் கெட்ட வீட்டை இடிக்கவும் உதவுகிறது. நல்லவற்றையெல்லாம் ஏலத்தில் பிறர் கொண்டுபோக, கெட்டவை மட்டும் பொதுவில் எஞ்சியிருந்தால் இது நடவாது.

ஆயினும் சொந்த வருமானம் போதவில்லை. இடிக்கவேண்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தமையால் மத்திய சர்க்காரின் மானியமும் வேண்டியிருந்தது. வாங்குவோரினும் மனைகள் மிகுந்திருக்கும் ஊரில் நில பாங்கு சேதத்தைக் கட்டுப்படுத்தக்கூடுமேயன்றி, போன தொழிலைத் திரும்பக் கொண்டுவர இயலாது.

6. கடுமைக்கு ஓர் எல்லை

விரைவான சட்டத்தில் ஓர் அபாயமும் உண்டு. அதே மிச்சிகன் மாகாணத்தின் மற்றொரு கவுண்டியில் ஒருவர் வரிக் கணக்கில் தவறி 8 டாலர் 41 சென்ட் குறைவாய்க் கட்டியிருந்தார். வட்டியும் கட்டணமும் ஏறி 285 டாலர் சொச்சம் ஆயிற்று. கவுண்டி அவர் வீட்டை எடுத்து 24,500 டாலருக்கு விற்று, பாக்கி போக மிகுந்த தொகையையும் தானே வைத்துக்கொண்டது. மிகுதியைச் சொந்தக்காரருக்கே கொடுத்தல் வேண்டும் என்று மிச்சிகன் உயர்தர நீதிமன்றம் 2020-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மின்னசோட்டா மாகாணத்தில் ஒரு மூதாட்டியின் வீடு 40,000 டாலருக்கு விற்கப்பட்டது; அவர் பாக்கி வட்டி உட்பட 15,000 டாலரே. எஞ்சிய 25,000 டாலரைக் கவுண்டி வைத்துக்கொண்டது தகாது என்று அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் 2023-ஆம் ஆண்டு மே மாதம் ஏகமனதாய்த் தீர்ப்புக் கூறிற்று.

இத்தீர்ப்புகளால் கவுண்டிகளின் வருமானத்தில் ஒரு பகுதி குறைந்தது மெய்யே. ஆனால் கடனுக்கு மேல் ஒரு காசும் எடுத்தல் வசூலாகாது, பறித்தலேயாகும். மேலும், வீட்டைக் கைவிட்டவர் வேறு. வீட்டில் குடியிருந்துகொண்டே வறுமையால் வரி கட்டமாட்டாதவர் வேறு. மிச்சிகன் சட்டம் மிக ஏழையான வீட்டுக்காரருக்கு வரி விலக்கும், தவணையில் செலுத்தும் வசதியும் அளிக்கிறது. ஆனால் இவ்வசதியை அறியாதவர் கேட்பதில்லை. அதை அவர் வாயிற்படியில் சென்று தெரிவிப்பதும் வரி வசூலின் ஒரு பாகமே.

7. சங்கத்தார் கொள்ளத்தக்கவை

பாக்கி சிறிதாயிருக்கும்போதே கேட்டல் வேண்டும். முதிர்ந்தபின் கேட்டால் கடன்காரரும் கெடுவார், சொத்தும் கெடும். பொறுப்பாளரில்லாத சொத்து ஒருநாளும் இருத்தலாகாது. மலிவாய் விற்பதைவிட, வைத்துக் காப்பவரிடம் விற்பதே ஊருக்கு லாபம். இயலாதவரையும் ஏய்ப்பவரையும் ஒரே கோலால் அளத்தல் கூடாது. பாக்கிக்கு மிஞ்சியது பாக்கிக்காரருடையது.

கூட்டத்தில் விசாரிக்கத்தக்க கேள்விகள்:

(1) ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் தரிசாய்க் கிடக்கும் மனைகளும் எத்தனை? அவற்றின் சொந்தக்காரர் எங்கே உள்ளனர்?

(2) அவற்றுள் வறுமையால் பாக்கியானவை எவை, அசட்டையால் பாக்கியானவை எவை?

(3) பக்கத்து வீட்டார் பொறுப்பேற்றுப் பயன்படுத்தக்கூடிய மனை ஏதேனும் உண்டா? அதற்குச் சொந்தக்காரரின் சம்மதத்தை எவ்வாறு பெறலாம்?

(4) ஊர் வரியில் விளக்குக்கும் நீருக்கும் பாதைக்கும் செல்வது எவ்வளவு? பாக்கி முழுதும் வசூலானால் அவற்றுள் எதை முதலிற் சீர்திருத்தலாம்?