வெயிலுக்கு வழிவிட்டுச் சென்னை சுற்றலாம்

கேள்வி: மே மாதம் இரண்டு பிள்ளைகளோடு சென்னை வருகிறோம். மயிலாப்பூரில் உறவினர் வீட்டில் தங்கல். வெயிலில் வாடாமல் எங்கெல்லாம் போகலாம்?
– வாசகி, தேனி

பதில்: நாளைக் காலை, மதியம், மாலை என்று பிரித்துக்கொள்ளுங்கள், சகோதரி.

காலையில் வெயில் ஏறுமுன் கபாலீசுவரர் கோயில். நேரமானால் பிராகாரக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. நண்பகலில் நடையும் சாத்திவிடுவார்கள். மறுநாள் காலைக்குக் கிண்டி சிறுவர் பூங்கா.

மதியத்துக்குக் கோட்டூர்புரம். திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம். 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஏசி உண்டு, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. பிர்லா கோளரங்கமும் அருகிலேயே. துணி எடுப்பதென்றால் தி.நகரையும் மதியத்தில் முடித்துவிடுங்கள். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023-இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெரு நெரிசலில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

மாலையில் பெசன்ட் நகர் கடற்கரை. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறும். அந்தச் சூட்டில் காற்று மேலெழ, கடல்காற்று உள்ளே வரும். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் அது வரத் தாமதமாகும். அன்றைக்குப் புழுக்கம்தான், நுங்கும் இளநீரும் கைகொடுக்கும்.

அங்கே மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930-இல் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப்போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச்சின்னம். நீச்சல் தெரிந்தவரையும் இழுக்கும் கடல் இது. கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.