தோல்வியே வெற்றியின் முதற்படி



‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது நம் முன்னோர் பழமொழி. அடி வாங்கியவரும் முன்னேறலாம் என்பதற்குக் குத்துச்சண்டை வீரர் சிலரின் வாழ்க்கை சான்று பகர்கின்றது. குத்துச்சண்டை மேடையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால் நடுவர் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார். பத்து எண்ணி முடிப்பதற்குள் எழாதவரே தோற்றவர். விழுந்தவுடனேயே ஆட்டம் முடிந்துவிடுவதில்லை.

அமெரிக்கரான ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1931-ஆம் ஆண்டு தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். முதற்போட்டியிலேயே மூன்றாம் சுற்றில் வீழ்த்தப்பட்டார். முதல் நான்கு போட்டிகளில் மூன்றில் தோல்வி! ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு எடைப்பிரிவுகளின் உலகப் பட்டங்களை வென்று, மூன்றையும் ஒரே சமயத்தில் தம் கையில் வைத்திருந்தார். பிற்காலத்தில் மறையுரையாளராகி இறைப்பணி ஆற்றினார்.

பிலடெல்பியா நகரத்துப் பெர்னார்ட் ஹாப்கின்ஸ் இளமையில் தீய வழியில் சென்று, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் சிறையில் இருந்தவர். விடுதலையானபின் 1988-இல் ஆடிய முதற்போட்டியில் தோற்றார். ஓராண்டுக்கு மேல் மேடை ஏறவில்லை. பின்னர்த் தம் உடலுக்கு ஏற்ற குறைந்த எடைப்பிரிவுக்கு மாறி, 1990-இல் மீண்டும் வந்தார். 1995-இல் உலகப் பட்டம் பெற்றார். 2011-இல் தம் 46-ஆம் வயதில் மறுபடியும் உலகப் பட்டம் வென்று அனைவரையும் வியக்க வைத்தார்.

இவர்கள் ஆண்கள், பரிசுப் பணத்திற்காக ஆடியவர்கள். நம் நாட்டிற்காக ஆடிய ஒரு பெண்ணின் கதையையும் காண்போம்.

மணிப்பூர் மாநிலத்தின் கங்காதெய் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்தவர் மேரி கோம். மொய்ராங்கில் புனித சவேரியார் கத்தோலிக்கப் பள்ளியில் எட்டாம் வகுப்புவரை பயின்றார். பின்னர் இம்பாலில் பத்தாம் வகுப்புத் தேர்வில் அவர் தேறவில்லை. அத்துடன் அவர் கல்வி முடிந்துவிட்டதா? இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வெழுதித் தேறினார். கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார்.

2000-ஆம் ஆண்டு மேரி மாநிலப் போட்டியில் வென்ற செய்தியை, அவர் தந்தை நாளிதழில் வந்த படத்தைக் கண்டே அறிந்தார். மகளின் முகத்தில் காயம்பட்டால் திருமணம் தடைப்படுமே என்று கவலையுற்றார். 2001-இல் அமெரிக்காவில் நடந்த முதலாவது மகளிர் உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மேரி தோற்று வெள்ளிப் பதக்கமே பெற்றார். அடுத்த ஆண்டே துருக்கியில் தங்கம் வென்றார். 2005, 2006, 2008, 2010, 2018 எனத் தொடர்ந்து மொத்தம் ஆறுமுறை உலகச் சாம்பியன் ஆனார். இவற்றுள் 2008-ஆம் ஆண்டு வெற்றி, இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானபின் கிடைத்தது. மகளிர் குத்துச்சண்டை முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட 2012 லண்டன் ஒலிம்பிக்கில் மிகக் குறைந்த எடைப்பிரிவே 51 கிலோ. தம்மிலும் எடைமிக்கவர்களோடு மோதி வெண்கலம் பெற்றார் மேரி.

இம்மூவரும் பிடிவாதத்தால் மட்டும் வென்றவர்கள் அல்லர். ஹாப்கின்ஸ் எடையை மாற்றினார்; மேரி படிப்பதற்கு வேறு வழி கண்டார். தோல்வியின் காரணத்தை அறிந்து திருத்திக்கொள்வதே உண்மையான முயற்சி. வள்ளுவப் பெருந்தகை ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பதும் இதனாலன்றோ?

தோழியரே, ஒரு பாடத்தில் தவறியதும் பெண்ணின் படிப்பை நிறுத்திவிடும் வழக்கம் நம் பக்கத்து ஊர்களில் இன்னும் முற்றிலும் மறையவில்லை. பத்தாம் வகுப்பில் தவறியோர் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்பதைப் பெற்றோர்க்கு எடுத்துச் சொல்வோம். நம் கடலில் முற்காலத்தில் முத்துக் குளித்தோர், எடுத்த சிப்பியில் முத்து இல்லை என்பதற்காகக் கடலை வெறுத்து வீடு திரும்பவில்லை. மூச்சை நிறைத்துக்கொண்டு மீண்டும் மூழ்கினர். நாமும் இறைவன் துணையை நாடி, பத்து எண்ணுமுன் எழுந்து நிற்போம்!